குழந்தைகளுக்குச் சமைக்கச் சொல்லிக் கொடுங்கள்!

(காரைக்கால் வட்டாரத்தில் விவசாயத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் சேர்ந்து வாழும் தெரு ஒன்றில், பள்ளி விடுமுறை நாளன்று சிறுவர் சிறுமியர் தாங்களே சமைத்துப் பெரியவர்களுக்குப் பரிமாறினர். சாப்பாட்டுக்குப் பின் நடந்த கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை.)

தோழர்களே! தாய்மார்களே! இன்று நமக்கெல்லாம் சோறு போட்ட குழந்தைகளே!

வழக்கமாக நமது கூட்டங்களில் பேச்சு முடிந்த பிறகுதான் சாப்பாடு. இன்று சாப்பாடு முடிந்த பிறகு பேச்சு. வயிறு நிறைந்தவர்களிடம் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். இராத்திரி ஷிப்ட் முடித்து நேரே இங்கே வந்த தோழர்கள் இருவர் பின்வரிசையில் ஏற்கெனவே கண்ணயர்ந்து விட்டார்கள். அவர்களை எழுப்ப வேண்டாம். பிள்ளைகள் ஆக்கிய சோறு நன்றாக இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறென்ன வேண்டும்?

என்ன சாப்பிட்டோம்? புழுங்கலரிசிச் சோறு, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, பச்சைப்பயறு போட்ட முருங்கைக்கீரைத் துவட்டல், நெல்லிக்காய்த் துவையல், கடைசியில் கேழ்வரகு மாவும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த உருண்டை. சமைத்தவர்கள் 17 பேர். அதில் 8 பேர் ஆண் பிள்ளைகள். குழம்பில் உப்பு ஒரு கல் கூடுதல்தான். பரவாயில்லை. வாழ்நாளெல்லாம் பிறர் ஆக்கிப் போட்டதைத் தின்று, "உப்பு சரியில்லை" என்று தட்டைத் தள்ளி வைத்த நமக்கு, அப்படிச் சொல்ல இன்று வாய் வரவில்லை. இதுவே ஒரு பெரிய படிப்பினை.

"கூலிப் பிரச்சினையும் வேலைப் பிரச்சினையும் மலைபோல் கிடக்க, இவர் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாரே" என்று சிலர் நினைக்கலாம். நினைப்பது நியாயமே. ஆகவே, இது எனக்கு ஏன் பெரிய விஷயமாகப் படுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அரிசி இருந்தும் பட்டினி

அப்போது எனக்கு வயது 11. ஐப்பசி மாதம், அடைமழை, நடவு மும்முரம். அப்பா மூட்டை தூக்கும் வேலைக்கு வெளியூர் போயிருந்தார். அம்மா நான்கு நாள் சேற்றில் நின்று நட்டுவிட்டு, ஐந்தாம் நாள் காய்ச்சலில் விழுந்துவிட்டாள். வீட்டில் நானும் 4 வயதுத் தங்கையும்.

பானையில் புழுங்கலரிசி இருந்தது. உறியில் கருவாடு இருந்தது. கொல்லையில் முருங்கை மரம் நின்றது. ஆனால் எனக்கு உலை வைக்கத் தெரியாது. எவ்வளவு அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் என்று தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் நடவுக்குப் போய்விட்டார்கள். நானும் அடுப்பை மூட்டிப் பார்த்தேன். அரிசி அடியில் தீய்ந்தது, மேலே வேகவில்லை. டீக்கடையில் கடன் சொல்லி நான்கு பொறை வாங்கி வந்து தங்கைக்குக் கொடுத்தேன். மறுநாளும் பொறைதான்.

மூன்றாம் நாள் அவள் அழுகை பொறுக்காமல் அம்மா காய்ச்சலோடு எழுந்தாள். கஞ்சி காய்ச்சி இறக்கும்போது தலை சுற்றிப் பானை சாய்ந்தது. இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துவிட்டது. அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. இதோ முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள், கேட்டுப் பாருங்கள்.

பட்டினி என்றால் தானியம் இல்லாத பட்டினி மட்டுமே நமக்குத் தெரியும். தானியம் இருந்தும், அதை ஆகாரமாக்கத் தெரியாத பட்டினியும் ஒன்று உண்டு. அதற்கு நான் சாட்சி. நான் அப்போது நன்றாகப் படிக்கிற பையன். நதிகளின் பெயரெல்லாம் மனப்பாடம். ஆனால் நம் வாசலில் ஓடும் அரசலாற்றுத் தண்ணீரில் விளைந்த நெல்லைச் சோறாக்கத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஏன் சொல்லிக் கொடுக்கவில்லை? "ஆண் பிள்ளைக்கு அடுப்படியில் என்ன வேலை?" அம்மாவே என்னைப் பலமுறை அப்படி விரட்டியிருக்கிறாள். அந்த வார்த்தைதான் அவள் கையைச் சுட்டது.

கோழிக்கு வந்த வியாதி

சமையல் என்றால் பெண்டுகளின் கைவழக்கம், அதில் படிப்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு கதை சொல்கிறேன். இது நடந்த கதை.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜாவாத் தீவு டச்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. அங்கே சிப்பாய்களும் கைதிகளும் பெரிபெரி என்ற நோயால் கால் வலுவிழந்து, இருதயம் நின்று செத்துக்கொண்டிருந்தார்கள். அய்க்மான் என்ற டச்சு டாக்டர் அதற்குக் கிருமிதான் காரணம் என்று தேடிக்கொண்டிருந்தார். ஒருநாள் அவர் ஆராய்ச்சிக்கு வளர்த்த கோழிகளுக்கும் அதே போன்ற கால்விழும் நோய் வந்தது. சில மாதங்களில் தானாகவே போய்விட்டது. என்ன காரணம்? விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. முதலில் கோழிகளுக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளை வெளேர் என்று தீட்டிய அரிசிச் சோற்றைப் போட்டிருக்கிறார்கள். பிறகு புதிதாக வந்த சமையற்காரர், "ராணுவத்து அரிசியை ராணுவத்தைச் சேராத கோழிகளுக்குக் கொடுக்க முடியாது" என்று மறுத்துவிட்டார். கோழிகளுக்குத் தீட்டாத அரிசி கிடைத்தது, பிழைத்துக்கொண்டன!

தவிட்டில் இருக்கும் ஏதோ ஒன்று உயிரைக் காக்கிறது என்பது இவ்வாறு தெரியவந்தது. பின்னால் அதற்கு வைட்டமின் பி1 என்று பெயர் வைத்தார்கள். அய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சமையற்காரருக்கு என்ன கிடைத்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

இந்த விஷயம் நமக்கு ரொம்பக் கிட்டத்து விஷயம். நம் நீலகிரியில் குன்னூர் இருக்கிறதே, அங்கேயே 1920களில் மெக்காரிசன் என்ற டாக்டர், இந்தியாவின் பல பகுதி ஜனங்கள் சாப்பிடும் ஆகாரத்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, பச்சைக் காய்கறி என்று பஞ்சாப் ஆகாரம் தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசியை முக்கியமாகக் கொண்ட சென்னை மாகாண ஆகாரம் தின்றவை சவலையாகிவிட்டன. அவருக்குப்பின் அங்கே வந்த அய்க்ராய்ட் என்பவர் காலத்தில் இன்னொரு விஷயம் தெளிவாயிற்று. மாகாணத்தின் வடகோடியில், சர்க்கார் ஜில்லாக்களில், தீட்டிய பச்சரிசி தின்ற ஜனங்களிடம் பெரிபெரி இருந்தது. புழுங்கலரிசி தின்ற தெற்கே அது அபூர்வம். ஏன்? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள்ளே இறங்கி விடுகிறது. அப்புறம் தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை.

அவித்த நெல் யாருடைய ஆகாரம்? உழுதவன், நட்டவள், அறுத்தவன் ஆகாரம். "புழுங்கலரிசி தின்னும் கூட்டம்" என்று இளக்காரமாகப் பேசியவர்கள் உண்டு. அந்த இளக்காரச் சோறுதான் நம் பாட்டன் பாட்டிகளின் உயிரைக் காத்தது. இதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்தால், பழைய சோற்றைத் தூக்குவாளியில் கொண்டுபோக வெட்கப்பட மாட்டார்கள்.

இப்போது என்ன நடக்கிறது? வெள்ளை அரிசிதான் நாகரிகம் என்று ஆகிவிட்டது. 2021 ஆகஸ்டு 15ஆம் தேதி பிரதமர் செறிவூட்டிய அரிசித் திட்டத்தை அறிவித்தார். இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 ஆகிய மூன்றையும் மாவில் சேர்த்து, அரிசி போலவே மணி செய்து, நூற்றுக்கு ஒன்று வீதம் கலந்து ரேஷனுக்கும் பள்ளிகளுக்கும் அனுப்பினார்கள். அதைப் பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து பொறுக்கி எறிந்தவர்கள் நம் தெருவிலேயே உண்டு. அது பிளாஸ்டிக் இல்லை, பயம் வேண்டாம். ஆனால் ஒரு கேள்வி கேட்கலாம் அல்லவா? ஆலையில் தீட்டித் தள்ளிய தவிட்டோடு பல சத்துகள் போகின்றன. திரும்பி வருவது மூன்று. போகவிடாமலே வைத்துக்கொள்ள வழியில்லையா? கொஞ்சம் குறைவாகத் தீட்டச் சொல்லக்கூடாதா? இப்படிக் கேட்க நம் பிள்ளைகளுக்கு அரிசியைத் தெரிந்திருக்க வேண்டும்.

வயலில் விளைகிறது, வாயில் விழவில்லை

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்வதைக் கேளுங்கள். 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில், நாடு முழுவதும் நூற்றுக்கு 67 பேருக்கு இரத்தசோகை. நம்மைச் சுற்றியுள்ள தமிழ்நாட்டில் நூற்றுக்கு 57 பேருக்கு. முகம் வெளிறி, ஓடினால் மூச்சு வாங்கி, பாடத்தில் கவனம் நிற்காமல் இருக்கிறதே, "பையன் சோம்பேறி" என்று திட்டுகிறோமே, அதில் பாதி சோம்பேறித்தனமில்லை, இரத்தமில்லை.

இரத்தம் எங்கே இருக்கிறது? முருங்கைக்கீரையில் இருக்கிறது. பயற்றில் இருக்கிறது. மீனில், முட்டையில் இருக்கிறது. சம்பா அறுவடைக்கு முன்னால் ஈர வயலில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளிக்கிறோமே, பங்குனியில் பிடுங்கி அடிக்கிறோமே, அந்தப் பயறு நம் வீட்டுக்கு எத்தனை படி வருகிறது? களத்திலிருந்தே வியாபாரி வண்டிக்குப் போய்விடுகிறது. பிறகு அதையே கடையில் கால் கிலோ, அரைக் கிலோ என்று வாங்குகிறோம். இல்லாவிட்டால் வாங்காமலே விட்டுவிடுகிறோம். வரப்போரம் பொன்னாங்கண்ணி, வயலில் ஆரைக்கீரை, வாய்க்காலில் நண்டு, நத்தை என்று நம் முன்னோர் பஞ்சகாலத்தையும் தாண்டினார்கள். மருந்தடித்து மருந்தடித்து அதில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியைச் "சேரித் தீனி" என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்ததால் நாமே விட்டுவிட்டோம்.

கேழ்வரகை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அதே அளவு அரிசியில் சுமார் 10 மில்லிகிராம்தான். எலும்பு வளரும் வயதில் எது வேண்டும்? நெத்திலியையும் மத்தியையும் எடுத்துக்கொள்ளுங்கள். காரைக்கால் துறையில் வந்து இறங்கும் மீனிலே விலை குறைந்தது சின்ன மீன். நெத்திலியை முள்ளோடு மென்று தின்றால் அதுவும் எலும்புக்கு உரம். பெரிய மீன் பெட்டியில் ஐஸ் போட்டு வெளியூர் போகட்டும். சின்ன மீன் நம் சட்டியில் கொதிக்கட்டும்!

இதோடு இரண்டு சின்ன விஷயங்கள். பிள்ளைகள் இன்று நெல்லிக்காய்த் துவையல் ஏன் வைத்தார்கள் தெரியுமா? கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்பை உடம்பு சுலபத்தில் ஏற்காது. நெல்லி, எலுமிச்சை, கொய்யா இவற்றின் புளிப்பிலுள்ள வைட்டமின் சி கூடச் சேர்ந்தால் நன்றாக ஏற்கும். இரண்டாவது, சோறு தின்ற கையோடு டீ குடிப்பது. டீயிலுள்ள துவர்ப்பு அந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. டீயை விடச் சொல்லவில்லை, தோழர்களே. டீ இல்லாமல் நமது இயக்கம் நடக்குமா? சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

இனி பாக்கெட். பத்து ரூபாய்ப் பாக்கெட்டில் பாதி காற்று. மீதியில் எண்ணெயும் உப்பும் மாவும். வேலைக்குப் போகும் தாய் பிள்ளை கையில் பத்து ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அது அவள் குற்றமில்லை. நேரமில்லாதவளுக்கு மலிவான சமாதானம் அது. குன்னூரில் இருந்த அந்த ஆராய்ச்சிக்கூடம் 1958இல் ஹைதராபாத்துக்கு மாறியது. இன்று அது தேசியப் போஷாக்குக் கழகம். அது 2024 மே மாதம் 17 நெறிமுறைகளை வெளியிட்டது. நாட்டின் நோய்ச் சுமையில் நூற்றுக்கு 56 பங்குக்குமேல் தவறான ஆகாரத்தால் வருகிறது என்று அதில் கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறது. சர்க்கரை வியாதி பணக்காரன் வியாதி என்ற காலம் மலையேறிவிட்டது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் மாத்திரைக்கு வரிசையில் நிற்பவர்கள் யார் என்று பாருங்கள்.

"பாக்கெட்டைத் தின்னாதே" என்று அதட்டினால் எந்தப் பிள்ளையும் கேட்காது. நாவுக்கு ருசி தெரிய வேண்டும். வறுத்த கடலையில் வெல்லப் பாகு ஊற்றித் தானே உருண்டை பிடித்த பிள்ளைக்குத்தான், பாக்கெட்டில் இருப்பது வெறும் உப்பு என்று நாக்கே சொல்லும். இன்று கீரையே தொடாத ஒரு பையன், தானே ஆய்ந்த கீரை என்பதால் இரண்டு தடவை வாங்கித் தின்றான். பெயர் சொல்லமாட்டேன், அவனே சிரிக்கிறான், பாருங்கள்!

மாம்பழத்துக்குக் கணக்குக் கேட்ட கதை

ஆனிப் பௌர்ணமியில் நமது ஊரில் மாங்கனித் திருவிழா. மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள். பிடிக்காத பிள்ளை உண்டா? அந்தப் புனிதவதியின் கதை நம் எல்லோருக்கும் தெரியும். கணவன் கடையிலிருந்து இரண்டு மாம்பழம் அனுப்பினான். பசியென்று வந்த அடியவருக்குக் கறி இன்னும் ஆகவில்லை; சோறு மட்டும் ஆகியிருந்தது. அதனால் சோற்றோடு ஒரு பழத்தை வைத்தாள். மத்தியானம் கணவன் ஒரு பழத்தைத் தின்றுவிட்டு, "இன்னொன்றையும் கொண்டுவா" என்றான். உள்ளே போய்க் கலங்கி நின்றாள். அற்புதமாக ஒரு பழம் கைக்கு வந்தது என்பது கதை.

பக்தியை நான் விவாதிக்க வரவில்லை. அந்தக் கதையில் உள்ள வீட்டை மட்டும் பாருங்கள். அவன் உட்கார்ந்து கேட்கிறான். அவள் நின்று கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. நூற்றாண்டுகள் கழிந்தும் இந்த வீடு மாறவில்லை. விடிய 4 மணிக்கு எழுந்து சோறாக்கி, நடவுக்கோ மில்லுக்கோ போய், திரும்பி வந்து மறுபடி உலை வைக்கும் பெண்ணிடம்தான் நாம் "இன்னொரு கறி இல்லையா?" என்று கேட்கிறோம். அவளுக்கு எந்த அற்புதமும் நடப்பதில்லை. அவள் பங்கு குறைகிறது, அவ்வளவுதான். கடைசியில் பானையைச் சுரண்டித் தின்பவள் அவள். இரத்தசோகையில் விழுபவளும் அவள்.

ஆகவே, ஆண் பிள்ளைக்குச் சமைக்கச் சொல்லிக் கொடுப்பது தமாஷுக்காக அல்ல. 8 மணி நேர வேலை என்பது மகத்தான உரிமை. புதுச்சேரியில் 1936 ஜூலை 30ஆம் தேதி 12 தொழிலாளர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். மறுவருஷம் பிரெஞ்சிந்தியாவில் அந்த உரிமை சட்டமாயிற்று. ஆனால் நம் வீட்டுப் பெண்ணுக்கு எத்தனை மணி நேர வேலை? அந்தச் சட்டம் நம் வாசல்படி தாண்டி அடுப்படிக்குள் எப்போது வரும்?

எந்த வயதில் எது?

"சின்னப் பிள்ளையை நெருப்பில் விடுவதா?" என்று தாய்மார்கள் பயப்படுவது சரியே. எடுத்தவுடன் நெருப்பு வேண்டாம்.

5, 6 வயதில் பயற்றில் கல் பொறுக்கட்டும். முருங்கைக்கீரை உருவட்டும். கடலை உரிக்கட்டும். இரவு பயற்றை ஊறப்போட்டு, ஈரத் துணியில் கட்டி, மறுநாள் முளை வந்ததை அவிழ்த்துப் பார்க்கட்டும். அந்த வால் முளைத்த பயற்றைக் கண்ட பிள்ளை அதைத் தின்னாமல் விடாது.

8 வயதில் அரிசி களையட்டும். ஆனால் தண்ணீர் தெளிகிறவரை ஏழெட்டுத் தடவை களைந்தால் சத்தும் கூடவே போகும். இரண்டு தடவை போதும் என்று சொல்லுங்கள். கீரையைக் கழுவிவிட்டு நறுக்க வேண்டும், நறுக்கிவிட்டுக் கழுவக்கூடாது என்று சொல்லுங்கள். துவையலை அம்மியில் அரைக்கட்டும்.

10 வயதில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்றால் உலை வைக்கலாம், சுண்டல் தாளிக்கலாம். கஞ்சி வடிப்பதை மட்டும் இன்னும் இரண்டு வருஷம் பெரியவர்கள் வைத்துக்கொள்ளுங்கள். வடித்த கஞ்சியைக் கொட்டாதீர்கள். அரிசியின் சத்து அதில் இறங்கியிருக்கிறது. உப்புப் போட்டுக் குடிக்கப் பழக்குங்கள்.

12, 13 வயதுக்குள் ஒரு வீட்டுக்கு ஒரு வேளைச் சோறு, ஒரு குழம்பு, ஒரு கீரை ஆக்கத் தெரிந்திருக்க வேண்டும். கையிலுள்ள பணத்துக்குச் சந்தையில் என்ன வாங்குவது என்று கணக்குப் பார்க்கத் தெரிய வேண்டும். சாப்பிட்ட தட்டைக் கழுவத் தெரிய வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பாடம்.

பள்ளிக்கூடம் என்ன செய்ய வேண்டும்?

இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர முடியாதா? முடியும், செய்து காட்டியிருக்கிறார்கள். 1937இல் வார்தா மாநாட்டில் காந்தி ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தார். சேவாக்கிராமத்தில் அந்தக் கல்வியை நடத்திய ஆரியநாயகம் இலங்கைத் தமிழர்; அவர் துணைவியார் ஆஷாதேவி. அங்கே மாணவர்களே முறைவைத்துச் சமையலறையை நடத்தினார்கள். என்ன சமைப்பது, எவ்வளவு செலவு, எதில் என்ன சத்து என்பதே அவர்களுக்குக் கணக்குப் பாடமும் விஞ்ஞானப் பாடமும் ஆயிற்று. காந்தியத்தோடு நமக்குக் கருத்து வேற்றுமை எத்தனையோ உண்டு. நல்லதை நல்லது என்று சொல்ல அது தடையில்லை.

ஜப்பானில் பள்ளி மதிய உணவுக்கு 1954இல் சட்டம் வந்தது. 2005இல் உணவுக் கல்விக்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். அங்கே மத்தியானம் பிள்ளைகளே தலையில் தொப்பியும் மேலே அங்கியும் மாட்டிக்கொண்டு மற்றப் பிள்ளைகளுக்குப் பரிமாறுகிறார்கள். ஆசிரியரும் கூட உட்கார்ந்து அதையே தின்கிறார்.

நமக்கு இதில் பழைய பாத்தியதை இருக்கிறது. சென்னை நகரசபை 1920இல் பள்ளியில் மதிய உணவு கொடுத்தது. புதுச்சேரிப் பகுதியில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே, 1930இல், அது தொடங்கியது. காமராஜர் 1956இல் பெரிதாக்கினார், எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவாக விரிவாக்கினார். 1989இல் முட்டை வந்தது. பக்கத்திலிருக்கும் திருக்குவளையில்தான் 2023 ஆகஸ்டு 25ஆம் தேதி தமிழ்நாட்டின் காலை உணவுத் திட்டம் எல்லா சர்க்கார் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கித் தொடங்கி வைக்கப்பட்டது. எல்லாம் நல்லதே. ஆனால் இன்றுவரை பிள்ளைக்கு அந்தச் சாப்பாடு தட்டில் விழும் பொருள். அது எங்கே விளைந்தது, எப்படி ஆயிற்று என்பது பாடத்தில் இல்லை. பள்ளிக் கொல்லையில் நான்கு முருங்கை, இரண்டு பாத்திக் கீரை வைக்க எவ்வளவு செலவாகும்? சமையல் செய்யும் அம்மாவை வாரம் ஒருநாள் வகுப்பில் நிறுத்தி, அவர் தொழிலைச் சொல்லித்தரச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? அவரை ஆசிரியை என்று அழைக்கட்டும். அதற்குத் தக்க சம்பளமும் கொடுக்கட்டும்!

சேர்ந்து சமைப்பதிலும் சேர்ந்து தின்பதிலும் இன்னொரு பாடம் இருக்கிறது. 1924, 25இல் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டது நாட்டையே உலுக்கியது. அது பழங்கதை என்று நினைக்காதீர்கள். 2018இல் திருப்பூர் மாவட்டப் பள்ளி ஒன்றில், சமைப்பவர் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் என்பதற்காகச் சாதிவெறியர்கள் எதிர்த்தார்கள். அவரை மாற்றினார்கள், போராடித்தான் திரும்ப அந்த அடுப்படிக்குக் கொண்டுவர முடிந்தது. இன்று இங்கே இந்த 17 பிள்ளைகளும் யார் வீட்டு அரிசி, யார் வீட்டுக் கருவாடு என்று பார்க்காமல் ஒரே பானையில் போட்டார்கள். நாமும் யார் கை ஆக்கியது என்று கேட்காமல் தின்றோம். இந்தப் பழக்கம் பத்து வயதில் ஊறிவிட்டால் முப்பது வயதில் யாரும் பிடுங்க முடியாது.

கூலியும் கரண்டியும்

கடைசியாக ஒன்று. இதைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது.

"ஏழைகளுக்குச் சமைக்கத் தெரியவில்லை, அதனால்தான் சவலைப் பிள்ளைகள்" என்று மேடையில் உபதேசம் செய்யும் கனவான்கள் உண்டு. நான் அந்தக் கூட்டமில்லை. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். 1968 டிசம்பர் 25ஆம் தேதி, இங்கிருந்து எட்டிப் பிடிக்கும் தூரத்தில், கீழ்வெண்மணியில் 44 உயிர்களைக் குடிசையில் வைத்து எரித்தார்கள். அந்த ஜனங்கள் என்ன கேட்டார்கள்? கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள். அந்த அரைப்படி எதற்கு? பிள்ளைக்குச் சோறு போட!

நம் பிரதேசத்திலேயே பாருங்கள். 2015 செப்டம்பரில் ரேஷன் தானியத்துக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடும் பரீட்சையை நம்மீது நடத்தினார்கள். பின்னர் ரேஷன் கடைகள் வருஷக்கணக்கில் மூடிக்கிடந்தன. 2024இல்தான் மீண்டும் திறந்தன. அரிசி வந்தால் அது பானைக்குள் போகிறது. பணம் வந்தால் எங்கே போகிறது? கடனுக்குப் போகிறது, மருந்துக்குப் போகிறது; சில வீடுகளில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, சாராயக் கடைக்குப் போகிறது. வெளியூர்க்காரர்கள் நம் ஊருக்கு எதற்கு வருகிறார்கள் என்பது நமக்குத் தெரியாததா? கடையில் அரிசி மட்டும் போதாது. பருப்பும் எண்ணெயும் கேழ்வரகும் கொடு என்று கேட்க வேண்டும். பிள்ளைக்கு முட்டையை நிறுத்தாதே என்று கேட்க வேண்டும். சமைக்க நேரம் வேண்டுமென்றால் வேலை நேரம் குறைய வேண்டும், கூலி கூட வேண்டும்.

கூலிக்குப் பதில் கரண்டி என்று நான் சொல்லவில்லை. ஒரு கையில் கோரிக்கை, மறு கையில் கரண்டி. போராடி வாங்கிய அரைப்படியை முழுச் சத்தோடு பிள்ளை வயிற்றில் சேர்ப்பதும் போராட்டத்தின் மிச்சப் பாதிதான். வாங்கியதைப் பாக்கெட் முதலாளியிடம் பத்துப் பத்து ரூபாயாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த கூலி உயர்வுக்குக் கொடி பிடித்தால் என்ன பிரயோஜனம்?

ஆகவே, இந்தத் தெருவில் ஒரு ஏற்பாடு செய்வோம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் சமைக்கட்டும். வீட்டுக்கு ஒரு கைப்பிடி அரிசி, ஒரு கைப்பிடி பயறு. ஒவ்வொரு மாதமும் இரண்டு பெரிய ஆண்களும் அவர்களிடம் உதவியாளாகச் சேர்ந்து கற்றுக்கொள்ளட்டும். முதல் பெயர் என்னுடையது, எழுதிக்கொள்ளுங்கள். கொல்லையில் இடமுள்ளவர்கள் ஒரு முருங்கைக் கிளையை இந்த வாரமே ஊன்றுங்கள். அது உடைத்து நட்டாலே துளிர்க்கும். நம் ஜனங்களைப் போல.

குழந்தைகளே! 35 வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கிடைத்திருந்தால், என் தங்கை இரண்டு நாள் பொறை தின்றிருக்க மாட்டாள். என் அம்மா கையில் அந்தத் தழும்பு இருந்திருக்காது. இனி இந்தத் தெருவில் எந்தத் தாயாவது காய்ச்சலில் படுத்தால், "நீ படும்மா, நான் கஞ்சி வைக்கிறேன்" என்று சொல்ல ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிள்ளை இருக்க வேண்டும். இன்று சட்டி கழுவும் வேலை ஆண்களுடையது. நான் முன்னால் போகிறேன், தோழர்கள் பின்னால் வாருங்கள். தூங்கும் தோழர்களை இப்போது எழுப்பலாம்!